பேட்டரிக்கு ஏழு வருஷம் வாரண்டி, பாடிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அமெரிக்க மின் பிக்கப் வண்டிகளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும், உள்ளே எவ்வளவு பெரிய திரை என்றெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் ராமநாதபுரம் கடலோரத்தில் பிழைக்கிறவனுக்கு உதவுகிற சங்கதிகளும் அதே வண்டிகளில் இருக்கின்றன, அவற்றில் பாதி ஒரு வரியோடு போய்விட்டது, மீதி வரவே இல்லை. நான் உச்சிப்புளிப் பக்கம் டிங்கரிங், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்தும், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரையிலிருந்தும் மீன் ஏற்றுகிற குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாம் என்னிடம் வரும், பெரும்பாலும் துருப்பிடித்த பாடியைச் சரிசெய்யத்தான். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். எங்கள் ஊரில் மின் சரக்கு வண்டி வாங்க நினைப்பவர், ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும் என்று கேட்பதற்கு முன்னால் குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும், லோடு பாடியின் தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மின் வண்டியின் கணக்கே அது எத்தனை வருஷம் நிற்கும் என்பதில்தான் இருக்கிறது. டாடா ஏஸ் ப்ரோ 2025 ஜூனில் வந்தபோது பெட்ரோல் மாடல் 3.99 லட்சம் ரூபாயிலிருந்து, மின் மாடல் 6.5 லட்சத்திலிருந்து என்று விலை சொன்னார்கள், இரண்டுமே 750 கிலோ ஏற்றுகிற வண்டி. அப்புறம் செப்டம்பரில் சிறு சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் பெட்ரோல், டீசல் வண்டிகளின் விலை இறங்கியது, மின் வண்டிக்கு முன்பே 5 சதவீதம்தான் என்பதால் அதில் ஒன்றும் மாறவில்லை. ஆக, இரண்டரை லட்சத்துக்குக் குறையாமல் முதலிலேயே கூடுதலாகப் போட வேண்டும். அதை எரிபொருளில்தான் திருப்பி எடுக்க வேண்டும். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய், கரண்டுக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் மிச்சம் மூன்றரை ரூபாய். போட்ட கூடுதல் பணம் கைக்கு வர எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மீன் வண்டி ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர் ஓடினாலும், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், காற்றுக்கும் புயல் எச்சரிக்கைக்கும் கடலுக்குப் போகாத நாட்கள் என்று கழித்தால் வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர்தான் தேறும். அதாவது ஐந்து வருஷம் ஆகும். ஐந்து வருஷம் கழித்துத்தான் லாபமே ஆரம்பிக்கும்.

பேட்டரி அதற்கு மேலேயும் நிற்கும். இப்போது வருகிற சில சிறு சரக்கு வண்டிகளின் பேட்டரிக்கு ஏழு வருஷம் வாரண்டி தருகிறார்கள். ஆனால் நான்கு வருஷம் மீன் ஏற்றிவிட்டு, தளத் தகட்டில் ஒட்டுப் போடாமல் இருக்கிற வண்டியை நான் பார்ப்பது அபூர்வம். துரு எங்கே தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஐஸ் கரைந்த தண்ணீர் மீன் ரத்தத்தோடும் உப்போடும் சேர்ந்து, மீன் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட்டுக்கு அடியில் வழிகிறது. வண்டி நிற்கும்போது முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால், கேபினுக்குப் பின்னால் தளமும் நெட்டுத் தகடும் சேருகிற மூலையில் அது தேங்கும். மேலே ரப்பர் மேட் விரித்திருப்பார்கள், தகட்டைக் காப்பாற்றத்தான் விரிக்கிறார்கள், ஆனால் ஈரம் காயாமல் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். மேட்டைத் தூக்கினால் பெயிண்ட் நன்றாகத்தான் தெரியும். சுத்தியலால் தட்டினால் நல்ல தகட்டில் கணீரென்று வரும் சத்தம் அங்கே சொத்தென்று வரும், ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். அடியில் போய்ப் பார்த்தால், தளத்தைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரும் தகடும் சேர்ந்த இடத்தில் துரு அடுக்கடுக்காக உப்பி, வெல்டிங்கையே பிரித்துக்கொண்டு நிற்கும். கம்பெனி வெல்டிங் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும், இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில்தான் உப்புத் தண்ணீர் குடியேறுகிறது. மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதம் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான்.

பாம்பன் பகுதி உலகத்திலேயே உலோகம் மிக வேகமாக அரிக்கிற இடங்களில் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்வார்கள். 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலத்தைத் துருவோடு மல்லுக்கட்டித்தான் இத்தனை காலம் காப்பாற்றினார்கள், கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள், பாலிசிலாக்சேன் என்கிற பூச்சு பூசினார்கள், இணைப்புகளை முழு வெல்டிங்காகச் செய்தார்கள். அதாவது இந்தக் காற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்த சங்கதிதான், புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஓசூரில் ஓடுகிற வண்டியும் தங்கச்சிமடத்தில் ஓடுகிற வண்டியும் ஒரே தகடு, ஒரே பெயிண்டோடுதான் வருகின்றன.

மின் வண்டியில் இது இன்னும் முக்கியம். டீசல் வண்டியில் அடிப்பாகம் அரித்தால் தகடு போகும், பிரேக் குழாய் போகும், பார்த்துச் சரிசெய்துவிடலாம். மின் வண்டியில் பேட்டரிப் பெட்டியே அடியில்தான் தொங்குகிறது. அதைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற போல்ட்டுகள், எர்த் இணைப்பு, கனெக்டர் முனைகள் எல்லாம் அந்தக் காற்றில்தான் இருக்கின்றன. செம்பில் பச்சை பூத்தால் ஒயர் பார்க்க முழுசாக இருக்கும், கரண்ட் சரியாகப் போகாது. எங்கேயோ ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி நின்றுவிடும், காரணம் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகும், அதற்குள் ஏற்றிய மீன் என்னாவது?

சரி, அமெரிக்க வண்டிகளுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் டெஸ்லா சைபர்டிரக்கின் வெளிப்புறம் துருப்பிடிக்காத எஃகு என்று புகழ்ந்திருந்தீர்கள். 2023 நவம்பர் கடைசியில் அந்த வண்டி வெளியே வந்த சில மாதங்களிலேயே மழையில் நின்ற வண்டிகளின் மேல் செம்புள்ளிகள் வந்ததாகச் சொந்தக்காரர்கள் படம் போட்டார்கள். எஃகு அரிக்கவில்லை, வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள்தான் துருப்பிடித்தது, துடைத்தால் போய்விடும் என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கம் எனக்கு நம்பும்படியாகத்தான் இருக்கிறது, ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குப் பக்கத்தில் கிரைண்டர் போட்டால் அப்படித்தான் ஆகும். எனக்கு அந்த வண்டியில் பிடித்தது அதன் பின்தளம்தான், அதைத் தகட்டில் செய்யாமல் பிளாஸ்டிக் கலவையில் வார்த்திருக்கிறார்கள். இது மின் வண்டிக்கென்று வந்த புதுமையும் இல்லை, டொயோட்டா டகோமா பிக்கப்பில் 2005 மாடலிலிருந்தே இப்படித்தான். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கில் பாடி அலுமினியம். செந்துரு வராது, ஆனால் அலுமினியமும் இரும்பு போல்ட்டும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும், அதனால் எங்கள் ஊருக்கு அதை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற புதிய கம்பெனி காட்டிய சின்ன வண்டி. இரண்டு பேர் உட்காரலாம், 52.7 யூனிட் கரண்ட் பிடிக்கிற பேட்டரி, ஒரு சார்ஜில் 240 கிலோமீட்டர் என்று அப்போது சொன்னார்கள், ஏற்றுவது அறுநூறு கிலோவுக்குச் சற்று மேலே. உள்ளே பெரிய திரை கிடையாது, கண்ணாடியைக் கையால்தான் சுற்றி இறக்க வேண்டும். முக்கியமாக, வெளிப் பாகங்கள் எல்லாம் பெயிண்டே அடிக்காத சாம்பல் நிறப் பிளாஸ்டிக். கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம்தான், துருப்பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. செலவைக் குறைக்க அவர்கள் செய்தது இது. பெயிண்ட் கூடமே வேண்டாம் என்பதால் தொழிற்சாலைச் செலவு மிச்சம். அடியில் இருக்கிற சட்டம் இரும்புதான், அதை மறக்கக் கூடாது. ஆனாலும் மேல் பாடி பற்றிய கவலை தீர்ந்துவிட்டால் அடிச்சட்டத்தைப் பூசிக் காப்பாற்றுவது பெரிய காரியமில்லை.

இதை அமெரிக்காவிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கரையிலேயே ஃபைபர் படகு இருக்கிறதே. மர வள்ளம் இருந்த இடத்தில் ஃபைபர் வந்து எத்தனை வருஷமாகிவிட்டது, உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிறது, மணலில் இழுபடுகிறது, விரிசல் விட்டால் ரெசின் பசையும் கண்ணாடி இழை மேட்டும் வைத்துக் கரையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அந்த வேலை தெரிந்த ஆட்கள் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் நிறைய இருக்கிறார்கள். மீன் ஏற்றுகிற வண்டிக்கு உள்தளத்தை ஃபைபரில் செய்ய இதைவிட என்ன வேண்டும்? என்னிடம் வந்த சில வண்டிகளுக்குத் தகட்டைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே ஃபைபர் மேட் இரண்டு அடுக்கு விரித்து, மூலைகளை வளைவாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மூலையை வளைவாக எடுப்பதுதான் இதில் சூட்சுமம், கூர்மூலையாக விட்டால் கிரேட் இடித்து அங்கேதான் பிளக்கும். நன்றாக நிற்கிறது. ஆனால் விற்ற வண்டிக்கு அப்புறம் பட்டறையில் செய்வதும், கம்பெனியே வார்த்துக் கொடுப்பதும் ஒன்றாகாது. புது மின் வண்டியில் நான் துளை போட்டால் வாரண்டி போய்விடுமோ என்று வண்டிக்காரர் பயப்படுகிறார், அவர் பயம் நியாயமானது.

அப்புறம் தண்ணீர் வெளியேறுகிற வழி. லைட்னிங் வண்டியில் எஞ்சின் இருக்க வேண்டிய முன்பக்கத்தில் 400 லிட்டர் கொள்ளுகிற பூட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். மூடி பம்பர் வரைக்கும் திறப்பதால் கனமான பொருளை மார்பு உயரத்துக்குத் தூக்காமல் இடுப்புக்குக் கீழேயே வைத்து எடுக்கலாம், அடியில் தண்ணீரை வடிக்கத் திறந்து மூடுகிற அடைப்பான் வேறு. அமெரிக்கர்கள் அதில் ஐஸ் போட்டுக் குளிர்பானம் வைக்கிறார்கள். எங்களுக்கு அதே அடைப்பான் லோடு பாடியின் நான்கு மூலையிலும் வேண்டும், ஒரு குழாயோடு சேர்த்து, வடிகிற தண்ணீர் சேஸிஸ் மேலும் பேட்டரிப் பெட்டி மேலும் படாமல் நேராகத் தரைக்குப் போகிற மாதிரி. இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? தள உயரமும் அப்படித்தான். ஏலம் முடிந்து நிறைந்த கிரேட்டைத் தூக்கி வைக்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், தளம் ஒரு சாண் தாழ்ந்தாலும் அவர்கள் இடுப்புக்கு அது பெரிய உபகாரம். மின் வண்டியில் சைலன்சர், டீசல் டேங்க் எல்லாம் இல்லை, பேட்டரியைச் சக்கரங்களுக்கு நடுவில் பரப்பி வைத்தால் தளத்தைத் தாழ்த்த இடம் கிடைக்கும்.

அடுத்து, பின்தளத்தில் இருக்கும் பிளக் பாயிண்ட். உங்கள் கட்டுரை இதை ஒரே வரியில் முடித்துவிட்டது, எனக்கு வருத்தம் அதில்தான். லைட்னிங்கில் 9.6 கிலோவாட் வரை வெளியே கரண்ட் எடுக்கலாம், என் பட்டறையின் வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் தாராளமாக ஓடும். பெரிய பேட்டரி போட்ட மாடல் ஒரு நாளைக்கு 30 யூனிட் செலவாகும் அமெரிக்க வீட்டை மூன்று நாள் தாங்கும் என்று ஃபோர்டு கணக்குச் சொன்னது, அந்த பேட்டரி 131 யூனிட். எங்கள் வீடுகளில் ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஐந்தாறு யூனிட் போனால் அதிகம். அப்படிப் பார்த்தால் 2022-ல் வந்த டாடா ஏஸ் மின் வண்டியின் 21.3 யூனிட் பேட்டரியே ஒரு வீட்டை மூன்று நாள் தாங்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயலுக்கு அப்புறம் டெல்டா மாவட்டங்களில் கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தார்கள், மோட்டார் போட முடியாமல் தண்ணீருக்குத் தவித்தார்கள். தெருவுக்கு ஒரு வண்டி அப்படி இருந்திருந்தால் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பியிருக்கலாம், எல்லார் செல்போனுக்கும் சார்ஜ் ஏற்றியிருக்கலாம்.

புயலை விடுங்கள், அன்றாடமே எத்தனை வேலை. விடியும் முன் கரையில் ஏலம் நடக்கிற இடத்துக்கு வெளிச்சம், எடை மெஷினுக்குக் கரண்ட். உயிர் நண்டும் சிங்கி இறாலும் கொண்டுபோகிறவர்களுக்குத் தண்ணீரில் காற்று ஊதுகிற மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும், நின்றால் விலை பாதியாகிவிடும். அந்த மோட்டாரும் இரண்டு விளக்குமாக 300 வாட் என்று வைத்து ஆறு மணி நேரம் ஓடினாலும் இரண்டு யூனிட்கூட ஆகாது, வண்டியின் ஓட்டத்தில் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர்தான் குறையும். அப்புறம் குடிதண்ணீர். எங்கள் மாவட்டத்தில் குடங்களை அடுக்கித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற பெண்களைப் பார்க்காத ஊர் இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் வண்டியில் சின்டெக்ஸ் டேங்க் வைத்து விற்கிறவர்கள்தான் கதி, அவர்கள் மாடித் தொட்டிக்கு ஏற்ற பெட்ரோல் பம்பை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்கிறார்கள். பிளக் பாயிண்ட் இருந்தால் சின்ன கரண்ட் மோட்டாரே போதும். இந்த வசதி ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை, டாடா நெக்ஸான் மின் காரில் 2023-லிருந்தே வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கலாம். காரில் கொடுத்ததை, உழைக்கிற சரக்கு வண்டியில் முதலில் கொடுத்திருக்க வேண்டாமா? நான் விசாரித்த சிறு சரக்கு வண்டிகள் எதிலும் அது இல்லை.

மற்ற வசதிகளில் ரிவியன் என்கிற அமெரிக்க மின் பிக்கப்பில் இருக்கிற காற்று கம்ப்ரஸர் நல்ல யோசனை, மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைத்துவிட்டு ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கேபினுக்குப் பின்னால் குறுக்கே ஓடுகிற சுரங்கப் பெட்டியும் கயிறு, தார்ப்பாய் வைக்கத் தோதானது. ஹம்மர் மின் வண்டி போன்றவை எங்களுக்கு ஆகாது. மொத்த எடை நான்கு டன்னுக்கு மேல், பேட்டரி மட்டுமே ஒரு டன்னைத் தாண்டும், குட்டி யானை ஏற்றுகிற மொத்த லோடைவிட அந்த பேட்டரி கனம். நாட்டுப்படகு கரை ஏறுகிற மணல் பாதையில் அது இறங்கினால் இழுக்க டிராக்டர் தேடத்தான் வேண்டும்.

உப்புத் தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்று விளம்பரத்தில் போடுவார்கள், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது என்று அர்த்தம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழைத் தண்ணீரில் மெதுவாகக் கடந்து போனால் பயமில்லை. ஆனால் கடல் தண்ணீர் வேறு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2022-ல் இயான் புயலின்போது கடல் நீரில் மூழ்கிய மின் வண்டிகள் சில, தண்ணீர் வடிந்து பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. உப்பு உள்ளே போய்த் தங்கினால் செல்லுக்குச் செல் கரண்ட் பாய வழி உண்டாகிவிடுகிறது. எனவே தனுஷ்கோடிப் பக்கம் அலை ரோட்டுக்கு ஏறுகிற நாளில் வண்டியை அதில் விட்டு ஓட்ட வேண்டாம், படகு இறக்குகிறேன் என்று பின் சக்கரம் முங்கக் கடலில் இறக்க வேண்டாம். தப்பித் தவறி மூழ்கிவிட்டால் சார்ஜ் போடாமல், வீட்டுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் பக்கத்தில் நிறுத்தாமல் வெட்டவெளியில் பதினைந்து மீட்டராவது தள்ளி நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லுங்கள். வண்டி விற்கும்போதே தமிழில் ஒரு பக்கம் இதை அச்சடித்துக் கொடுக்கலாம்.

சார்ஜ் விஷயத்தில் என் அபிப்பிராயம், எங்கள் கடலோரத்துக்கு மின் வண்டி நன்றாகவே பொருந்தும் என்பதுதான். விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு 154, 161 கிலோமீட்டர் என்று போட்டாலும் லோடோடு, பாம்பன் பாலத்தின் எதிர்க்காற்றில் நூறு, நூற்றுப்பத்து என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதனால் ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர் இருக்கிற மதுரைக்கு மீன் ஏற்ற இப்போதைக்கு இது சரிப்படாது, அதற்கு டீசல் வண்டியே போகட்டும். கரையிலிருந்து ராமநாதபுரம் மார்க்கெட், கீழக்கரை, ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் களம் என்று சுற்றுகிற வண்டிக்கு இது ஏகப் பொருத்தம். விசைப்படகு தினமும் கடலுக்குப் போவதில்லை, நாட்டுப்படகு மீன் காலையில் வந்தால் பத்து மணிக்கெல்லாம் வண்டிக்கு வேலை முடிந்துவிடும். அப்புறம் வேப்ப மரத்தடியில் நிறுத்தி 16 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சாயங்காலத்துக்குள் பேட்டரி நிறைந்துவிடும். நல்ல வெயில் நேரம், கமுதியில் 648 மெகாவாட் சோலார் ஓடுகிற மாவட்டம் இது. தடைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியை நிறைத்து வைக்காமல் பாதியளவில் வைத்து, அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் செல்லுக்கு நல்லது.

ரிப்பேர் பற்றியும் சொல்ல வேண்டும். மின் வண்டியில் ஆரஞ்சு நிற ஒயர் போகிற இடமெல்லாம் உயர் அழுத்தக் கரண்ட். அதைத் துண்டிக்காமல் பக்கத்தில் வெல்டிங் வைத்தால் ஆளுக்கும் ஆபத்து, வண்டிக்கும் ஆபத்து. எப்படித் துண்டிப்பது, எங்கே வெல்டிங் வைக்கலாம், எங்கே கூடவே கூடாது என்பதை எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு ஷோரூமில் போய்க் கேட்டேன், கம்பெனி சர்வீஸுக்கு மட்டும்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். துருவுக்கு என்ன வாரண்டி என்றும் கேட்டேன், அதற்குப் பதிலே வரவில்லை. கதவு நசுங்கினாலும் பின் டோர் கழன்றாலும் வண்டிக்காரன் மதுரைக்கா போவான்? பக்கத்துப் பட்டறைக்குத்தான் வருவான். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-களைப் புதிய கருவிகளோடு தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறார்கள், அதில் மின் வாகனப் படிப்பும் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு நல்லது. இருபது வருஷமாகத் தகடு வெட்டுகிற எங்களுக்கும் ஒரு வாரப் பயிற்சி, சனி ஞாயிறு வைத்தால்கூடப் போதும், முதல் ஆளாக நான் வருகிறேன்.

அரசாங்கத்திடம் கேட்பதும் பெரிதாக இல்லை. மின் வாகனங்களுக்கான மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் அறிவித்த மின் லாரி ஊக்கத்தொகை 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு. அதற்குக் கீழே இருக்கிற சிறு சரக்கு வண்டிதான் எங்கள் கரையில் ஓடுவது, அதற்கு அதில் இடமில்லை. ஆனால் மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன் ஏற்றுகிற குளிர்காப்பு வண்டிக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதம் மானியம் உண்டு. மீன்வளத் துறை அந்த மானியத்துக்கு வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது துருப்பிடிக்காத உள்தளம், நான்கு மூலையிலும் வடிகால், அடிப்பாகத்துக்கு முழுப் பூச்சு, பின்தளத்தில் பிளக் பாயிண்ட், இவை இருந்தால்தான் மானியம் என்று நிபந்தனை போட்டால் கம்பெனிகள் தானாகச் செய்யும். மண்டபம், பாம்பன், மூக்கையூர் போன்ற மீன் இறங்குதளங்களில் கூரையோடு சார்ஜ் இடம் வேண்டும், அதன் பிளக்கும் பெட்டியும் உப்புக்காற்றைத் தாங்குகிறதாகப் பார்த்துப் போட வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாகனப் பக்கத்துக்கு மின் சரக்கு வண்டி ஓட்டிப் பார்க்க வரும்போது சென்னை ஓஎம்ஆர் ரோட்டோடு நிறுத்திவிடாமல் இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள். ஈரக் கிரேட் ஏற்றி ஓட்டிவிட்டு என் பட்டறைக்கு வந்தால் ரேம்பில் ஏற்றி அடிப்பாகத்தைக் காட்டுகிறேன், பார்த்ததைப் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறைக்காரர் ஒருவர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்